ஒரு மீட்டர் பாதையும் 1,435 மில்லிமீட்டர் பாதையும்: எப்படிச் சேர்ப்பது?

தெலுக் இந்தான் ஒட்டுக்கடைகளில் கிழக்குக் கரை ரயில் திட்டத்தைப் பற்றிப் பேச்சு எழுந்தால் கூடவே ஒரு கேள்வியும் எழும். "அண்ணே, அந்த ரயில் நம் பாதையில் ஓடாதாமே? பக்கத்தில் இன்னொரு தண்டவாளத்தைப் போட்டுவிட்டால் தீர்ந்தது அல்லவா?" கேட்பவர் பெரும்பாலும் செம்பனைக் குலை ஏற்றும் லோரிக்காரராக இருப்பார். சரக்கை ஏற்றி இறக்கும் வேதனை தெரிந்தவர் என்பதால் அவர் கேள்வியை எளிதில் தள்ளிவிட முடியாது. மூன்று தண்டவாளம் போட்ட பாதைகள் உலகில் பல இடங்களில் இருக்கின்றன. நம் நாட்டு நெடும்பாதைக்கு அது ஒத்துவராது என்பது என் கட்சி. மற்ற வழிகளையும் பக்கத்தில் வைத்துப் பார்த்துவிட்டு நீங்களே சொல்லுங்கள்.

மலேசிய ரயில் நிறுவனமான கேடிஎம்மின் பாதையில் இரு தண்டவாளங்களின் உள்விளிம்புகளுக்கு இடையே 1,000 மில்லிமீட்டர். கொம்யூட்டர் புறநகர் ரயில், இடிஎஸ் மின்ரயில், சரக்கு ரயில் எல்லாம் இதில்தான் ஓடுகின்றன. கோத்தா பாருவிலிருந்து போர்ட் கிள்ளான்வரை வரவிருக்கும் 665 கிலோமீட்டர் கிழக்குக் கரைப் பாதையின் அகலம் 1,435 மில்லிமீட்டர். எல்ஆர்டி, எம்ஆர்டி நகர ரயில்கள், விமான நிலைய ரயில் ஆகியவையும் இந்த இரண்டாவது அளவுதான். ஆக, கோலாலம்பூரின் கேஎல் சென்ட்ரல் நிலையத்தில் இரண்டு அகலங்களும் ஒரே கூரையின்கீழ் இருந்துவருகின்றன. யாரும் கவலைப்பட்டதாகத் தெரியவில்லை. அங்கே மாறி ஏறுபவர்கள் பயணிகள். தாங்களே நடந்து போய்விடுகிறார்கள். சிக்கல் சரக்குக்குத்தான்.

எங்கள் வட்டாரத்தில் மூன்றாவது அளவு ஒன்றும் உண்டு. ஊத்தான் மெலிந்தாங் பக்கம் ஜெண்டராட்டா தோட்டத்தில் குலைகளை ஆலைக்குக் கொண்டுபோகும் குட்டி ரயில் பாதையின் அகலம் முக்கால் மீட்டருக்கும் குறைவு. அந்த இரும்புக் கூண்டு வண்டிகளைக் கவனித்தால் பாதை அகலத்தின் சூட்சுமம் பாதி விளங்கிவிடும். வயலில் குலையை ஏற்றிய கூண்டு, அப்படியே உருண்டுபோய், நீராவியில் வேகவைக்கும் நீண்ட உருளைக் கலனுக்குள் நுழைகிறது. கலனுக்குள்ளும் அதே அகலத்தில் தண்டவாளம். நடுவில் குலையைக் கொட்டி அள்ளினால் பழம் நசுங்கும். நசுங்கிய பழத்தில் கொழுப்பு அமிலம் ஏறி எண்ணெயின் தரம் இறங்கும். பெரிய ரயிலோடு இணைய முடியவில்லையே என்று அந்தப் பாதை ஏங்க வேண்டியதில்லை. அது சேர வேண்டிய இடம் அந்தக் கலன்தான், அங்கே சேர்ந்துவிடுகிறது.

பெரிய பாதைகளின் கதையும் இதே மாதிரிதான்: எதோடு சேர வேண்டும் என்பதே அகலத்தைத் தீர்மானித்திருக்கிறது. இங்கிலாந்தில் ரயில் பொறியாளர் ஸ்டீபன்சன் சுரங்க வண்டிகளின் அளவை ஒட்டி 4 அடி 8½ அங்குலத்தில் போட்டார். அதுவே இன்றைய 1,435. இன்னொரு பொறியாளரான புருனெல் ஏழடிக்கும் சற்று அதிகமாகப் போட்டு வேகத்தில் முந்தினார். 1845இல் அமைத்த விசாரணை ஆணையம் புருனெலின் ரயில்கள் வேகமானவை என்று ஒப்புக்கொண்டும், ஏற்கெனவே அதிகத் தூரம் பரவியிருந்த ஸ்டீபன்சன் அளவையே பரிந்துரைத்தது. 1846இல் சட்டமும் வந்தது. புருனெலின் அகலப் பாதையில் மிஞ்சியிருந்த கடைசிப் பகுதி 1892இல் மாற்றப்பட்டது. நல்ல பாதை தோற்றது, நீளமான பாதை வென்றது.

இந்தியாவில் முதலில் 1,676 மில்லிமீட்டர். செலவு கட்டுப்படியாகாமல் 1870 வாக்கில் வைஸ்ராய் மேயோ பிரபு காலத்தில் ஒரு மீட்டர் பாதையும் சேர்ந்தது. அகலம் குறைந்தால் வளைவுகளை இறுக்கமாகப் போடலாம், மலையைக் குறைவாகக் குடையலாம், பாலத்தைச் சிறிதாகக் கட்டலாம். காடும் குன்றுமான மலாயாவுக்கு அந்தச் சிக்கனம் பொருந்தியது. தைப்பிங்கிலிருந்து போர்ட் வெல்டுக்கு 1885இல் திறந்த முதல் பாதையே ஒரு மீட்டர்தான். வெள்ளீயத்தைத் துறைமுகத்துக்கு இறக்கப் போட்டது. வேலை செய்தவர்களில் இலங்கையிலிருந்து வந்தவர்களும் இருந்தார்கள். பின்னர் யாழ்ப்பாணத் தமிழர்கள் நிலைய அதிகாரிகளாகவும் கிராணிகளாகவும் இங்கே ரயில்வேயை நிரப்பினார்கள். அவர்கள் விட்டுவந்த இலங்கையின் பெரும்பாதை 1,676!

சயாமின், அதாவது இன்றைய தாய்லாந்தின், கதை இன்னும் சுவையானது. சாவ் பிரயா ஆற்றுக்குக் கிழக்கே அவர்கள் முதலில் போட்டவை 1,435 பாதைகள். தெற்கே மலாயாவை நோக்கி வந்தது ஒரு மீட்டர். 1918இல் பாடாங் பெசாரில் இரு நாட்டுப் பாதைகளும் இணைந்தன. அதன்பின் சயாம் தன் அகலமான பாதைகளைக் குறுக்கி ஒரு மீட்டருக்கு வந்தது. அகலமானதுதான் முன்னேற்றம் என்று நம்புபவர்கள் இதற்கு என்ன சொல்வார்கள் என்று கேட்க ஆசை.

ஒரே அளவு என்பதால் நன்மை மட்டுமே விளைந்ததென்றும் சொல்ல முடியாது. ஜப்பானியர் காலத்தில், அன்றே இருந்த ஒரு மீட்டர் கிழக்குக் கரைப் பாதையிலிருந்து தண்டவாளங்களைப் பெயர்த்து, எந்த மாற்றமும் இன்றிச் சயாம் மரண ரயில் பாதைக்குக் கொண்டுபோக முடிந்தது. கூடவே தோட்டங்களிலிருந்து நம் ஆட்களையும் கொண்டுபோனார்கள். போனவர்கள் பலர் திரும்பவில்லை.

இனி, இரண்டு அளவுகளைச் சேர்க்கும் வழிகள்.

எல்லாவற்றையும் ஒரே அளவாக்கிவிடுவது முதல் யோசனை. தமிழ்நாட்டுக்குப் போய்வருபவர்கள் இதைக் கண்ணால் பார்த்திருக்கிறார்கள். இந்தியா 1992இல் ஒரே அகலத் திட்டத்தைத் தொடங்கி, மீட்டர் கேஜ் பாதைகளை வரிசையாக 1,676க்கு மாற்றியது. தமிழ்நாட்டில் நீலகிரி மலை ரயில் மட்டும் பழைய அளவிலேயே ஓடிக்கொண்டிருக்கிறது. விலை என்னவென்றால், பாதையை மூட வேண்டும். செங்கோட்டை–புனலூர் மலைப்பாதை 2010இல் மூடி 2018இல்தான் முழுதாகத் திறந்தது. அமெரிக்கத் தென்மாநிலங்கள் 1886இல் ஏறக்குறைய இரண்டே நாளில் ஆயிரக்கணக்கான மைல்களை மாற்றியதை உதாரணம் காட்டுவார்கள். அங்கே நகர்த்தியது மூன்று அங்குலம், அதுவும் மரக்கட்டையில் ஆணி அடித்த பாதை. நம்முடையவை ஒரு மீட்டருக்கென்றே வார்த்த கான்கிரீட் கட்டைகள். தவிர, நாம் மாற்றினால் பாடாங் பெசாரில் தாய்லாந்துத் தொடர்பு அறுந்துவிடும். இந்தியா சிறுபான்மை அளவைப் பெரும்பான்மைக்குள் கரைத்தது. நாம் செய்தால் அண்டை வீட்டுக் கதவை அடைத்துக்கொண்டதாகும்.

வேகத்துக்காகவாவது மாற்ற வேண்டாமா என்பவர்களுக்கு: இடிஎஸ் ஒரு மீட்டர் பாதையில் மணிக்கு 140 கிலோமீட்டரில் போகிறது. ஆஸ்திரேலியாவின் குவீன்ஸ்லாந்தில் 1,067 மில்லிமீட்டர் பாதையில் 1999இல் ஒரு ரயில் 210ஐத் தொட்டது. பாரத்துக்கென்றால் பிரேசிலின் விட்டோரியா–மினாஸ் பாதையைப் பாருங்கள். இரும்புத் தாது நிறைந்த நீள ரயில்கள் அங்கே ஒரு மீட்டரில்தான் ஓடுகின்றன. அகலத்துக்கென்று சில ஆதாயங்கள் உண்டு: பெட்டி அகலமாகலாம், அதிவேகத்தில் நிதானம் கூடும், சக்கரங்களுக்கு நடுவே மோட்டாருக்கு இடம் தாராளம். மணிக்கு 300 கிலோமீட்டர் ஓட வேண்டுமென்றால் 1,435ஐத்தான் கேட்பேன். தாப்பா ரோட்டிலிருந்து கோலாலம்பூருக்குப் போக 140 போதும்.

இரண்டாவது, பாதையை விட்டுவிட்டுச் சக்கரத்தை மாற்றுவது. சீன–மங்கோலிய எல்லையில் எரென்ஹோட்டில் பெட்டியைத் தூக்கி, அடியில் உள்ள சக்கரத் தொகுதியை உருவிவிட்டு வேறு அளவுத் தொகுதியை நுழைக்கிறார்கள். மணிக்கணக்கில் ஆகும் வேலை. இதைவிட நயமானது ஓடும்போதே அகலம் மாறும் சக்கரம். ஸ்பெயினின் தால்கோ ரயில்கள் 1960களின் இறுதியிலிருந்தே இப்படி எல்லை தாண்டுகின்றன. நம் இரண்டு அளவுகளுக்கிடையே அப்படியே மாறுவது சுவிட்சர்லாந்தில் இருக்கிறது. மோந்த்ரோவிலிருந்து இண்டர்லாக்கன் போகும் ரயில், 2022 டிசம்பர் முதல், சுவைசிம்மன் நிலையத்தில் ஒரு மீட்டரிலிருந்து 1,435க்கு மாறுகிறது. நடைமேடை உயரம் வேறு என்பதால் பெட்டியின் உயரமும் அங்கே மாறுகிறது. சுற்றுலாப் பயணியின் டிக்கெட் விலை அந்த நுட்பத்தைத் தாங்கும். செம்பனை எண்ணெய்த் தொட்டி வண்டிக்கு அத்தகைய சக்கரம் வாங்கித் தருகிறவர் யார்?

மூன்றாவது, லோரிக்காரர் கேட்ட மூன்றாவது தண்டவாளம். ஒரு பக்கத் தண்டவாளம் இருவருக்கும் பொது, எதிர்ப்பக்கத்தில் ஆளுக்கொன்று. 1,435க்கும் 1,000க்கும் இடைவெளி 435 மில்லிமீட்டர். தண்டவாளத்தின் தலை சுமார் 70, அடிப்பாகம் சுமார் 150 மில்லிமீட்டர். ஆகவே இரண்டையும் அருகருகே வைத்து இறுக்கத் தாராளமாக இடம் இருக்கிறது. இதுவே 1,000த்தையும் ஜப்பானின் 1,067ஐயும் சேர்ப்பதென்றால் 67 மில்லிமீட்டரில் ஒரு தலைகூட நுழையாது. நான்கு தண்டவாளம் வேண்டும். (போர்க்காலத்தில் ஜப்பானியர்கள் பாதையைத் தொடாமல், தங்கள் சி56 ரக நீராவி எஞ்சின்களின் சக்கரங்களை ஒரு மீட்டருக்கு மாற்றிச் சயாமுக்கும் பர்மாவுக்கும் கொண்டுவந்தார்கள்.) ஆக, அளவுக் கணக்குப்படி நம் லோரிக்காரர் சொல்வது சரி. வியட்நாமில் ஹனோயிலிருந்து சீன எல்லையான டோங் டாங்வரை இதே 1,000–1,435 மூன்று தண்டவாளப் பாதை இருக்கிறது.

வினை அதற்குப் பிறகு. பொதுத் தண்டவாளத்தின்மேல் இரு வகை ரயில்களும் ஏறுவதால் அது மற்ற இரண்டையும்விட வேகமாகத் தேயும். பாதை பிரியும் இடங்களில் ஒவ்வொரு சக்கர விளிம்புக்கும் தனித்தனி இடைவெளி விட வேண்டியிருப்பதால் அந்த அமைப்பு மிகச் சிக்கலாகிவிடும். எல்லாவற்றுக்கும் மேலாக, இரண்டு ரயில்களின் நடுக்கோடு ஒன்றாக இருக்காது. 435இல் பாதி, 217 மில்லிமீட்டர் விலகும். கையை விரித்துப் பாருங்கள், ஏறக்குறைய ஒரு சாண். தலைக்கு மேலே மின்கம்பி எந்த நடுக்கோட்டைப் பார்த்துத் தொங்க வேண்டும்? நடைமேடையை எந்த ரயிலுக்கு வெட்டுவது? பொதுத் தண்டவாளம் நடைமேடைப் பக்கம் இருந்தால் மீட்டர் ரயில் மேடையை நெருங்கி வரும். எதிர்ப்பக்கம் இருந்தால் ஒரு சாண் தள்ளி நிற்கும். தள்ளி நிற்கும் ரயிலில் பாட்டியைக் கைபிடித்து ஏற்றியவர்களுக்கு அந்த ஒரு சாண் எவ்வளவு பெரியது என்று தெரியும். 1,435 ரயிலின் பெட்டி அகலமாக இருந்தால் பொதுத் தண்டவாளத்தை மேடைப் பக்கம் வைத்து வித்தியாசத்தை ஓரளவு ஈடுகட்டலாம். அப்போதும் எல்லா நிலையத்திலும் மேடை ஒரே பக்கம் இருக்க வேண்டும். தீவு போல நடுவில் மேடை உள்ள நிலையம் ஒன்று குறுக்கிட்டால் பொதுத் தண்டவாளம் பக்கம் மாற வேண்டும். அதற்குத் தனி அமைப்பு, தனிப் பராமரிப்பு.

இவ்வளவையும் நிபுணத்துவத்தோடு செய்தவர்கள் ஜப்பானியர்கள். கடலடியில் போகும் 53.85 கிலோமீட்டர் செய்கான் சுரங்கத்தில் 2016 முதல் சின்கான்சென் அதிவேக ரயிலும் 1,067 சரக்கு ரயிலும் மூன்று தண்டவாளங்களில் ஓடுகின்றன. ஆனால் எதிரே வரும் சரக்கு ரயிலைக் காற்றழுத்தம் பாதிக்கக் கூடாதென்று, அதிவேக ரயிலை ஆரம்பத்தில் அங்கே மணிக்கு 140 கிலோமீட்டருக்குக் கட்டிப்போட்டார்கள். 140 என்பது நம் இடிஎஸ்ஸின் வேகம். பாதையைப் பகிர்ந்துகொண்டால் வேகமானவன் மெதுவானவனுக்காகக் காத்திருக்க வேண்டும்; எத்தனை தண்டவாளம் போட்டாலும் இது தீராது.

அதனால் மூன்றாவது தண்டவாளமே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. இரண்டாவது பாலம், இரண்டாவது சுரங்கம் கட்டுவது கட்டுப்படியாகாத இடத்தில் அது கைகொடுக்கும். வங்கதேசத்தில் 1998இல் திறந்த யமுனைப் பாலத்தில் 1,676க்கும் 1,000த்துக்கும் சேர்த்துப் பாதை போட்டது அப்படித்தான். துறைமுக முனையங்களிலும் பொருந்தும். ரயில் ஊர்ந்து வருகிறது, பயணி மேடை கிடையாது, ஒரே பளுதூக்கிக்குக் கீழே இரு அளவு வண்டிகளும் நிற்கலாம். போர்ட் கிள்ளானில் சில கிலோமீட்டர் இப்படிப் போடுவதென்றால் என் ஓட்டு அதற்கு உண்டு.

நான்காவது வழியில் புதுமை எதுவும் இல்லை: கொள்கலனை ஒரு வண்டியிலிருந்து தூக்கி மற்றொன்றில் வைப்பது. 2021இல் சீனாவிலிருந்து வியந்தியானுக்கு வந்த 1,435 பாதையும் தாய்லாந்திலிருந்து வரும் ஒரு மீட்டர் பாதையும் லாவோஸில் இப்படித்தான் கைகுலுக்குகின்றன. நம் நாட்டிலிருந்து தாய்லாந்து, லாவோஸ் வழியாகச் சீனாவுக்குப் போகும் கொள்கலன் ரயிலும் அங்கே வண்டி மாறியே போகிறது. புருனெல் காலத்தில் குளோஸ்டர் நிலையத்தில் இரு அகலங்களும் சந்தித்தபோது மூட்டை மூட்டையாக ஆட்கள் மாற்றினார்கள். உடைந்தது பாதி, தொலைந்தது மீதி என்று வியாபாரிகள் புலம்பினார்கள். அன்று அகலச் சண்டைக்கு அவ்வளவு சூடு இருந்ததற்கு அதுதான் காரணம். பூட்டிய இரும்புப் பெட்டியைச் சில நிமிடங்களில் தூக்கி வைக்கும் இன்றைய பளுதூக்கி அந்தச் சூட்டைப் பெருமளவு தணித்துவிட்டது. குலையைப் போலக் குவியலாக ஏற்றும் சரக்குக்கு இது உதவாது. ஆலையிலிருந்து புறப்படும் எண்ணெய்க்கு, அதற்கென்றே உள்ள தொட்டிக் கொள்கலன்கள் இருக்கின்றன.

ஆகவே என் தரவரிசை: கொள்கலன் மாற்றம் முதலில், முனையத்துக்குள் மட்டும் மூன்று தண்டவாளம் அடுத்து, மாறும் சக்கரம் வெகுதூரம் பின்னால், முழு மாற்றம் கணக்கிலேயே இல்லை.

எங்கள் ஊருக்கு இதில் ஒரு தனிக் கணக்கும் உண்டு. தாப்பா ரோட்டிலிருந்து தெலுக் இந்தானுக்கு வந்த கிளைப்பாதை 1980களின் இறுதியில் மூடப்பட்டுவிட்டது. அதை மீண்டும் போட வேண்டும் என்று அவ்வப்போது பேச்சு எழும்போது, "போடுவதே போடுகிறோம், புது அளவில் போடலாமே" என்று சிலர் ஆசைப்படுகிறார்கள். 1,435இல் போட்டால் தெலுக் இந்தானில் ஏறியவர் தாப்பா ரோட்டில் பையைத் தூக்கிக்கொண்டு இறங்கி, வேறு ரயில் பிடித்துத்தான் ஈப்போ போக வேண்டும். ஒரு மீட்டரில் போட்டால் ஏறிய இருக்கையிலேயே ஈப்போவரை போகலாம்.