ஒரே கிரைண்டர், ஆறு வகைக் காபி: நான்கு ஆண்டுப் பயன்பாட்டுக்குப் பிறகு

காபிக்கொட்டை அரைக்கும் இந்தக் கிரைண்டரை வாங்கி நான்கு ஆண்டுகள் முடிந்துவிட்டன. கூட வந்த கையேட்டின் கடைசிப் பக்கத்தில் அரவை வளையத்தை எந்த எண்ணில் வைப்பது என்பதற்கு, எஸ்பிரெசோவுக்கு 1 முதல் 8 வரை, காகித வடிகட்டிக்கு 15 முதல் 20 வரை, தூளை ஊறவைத்து உலோக வலையால் அழுத்திப் பிரிக்கும் பிரெஞ்சு பிரஸ்ஸுக்கு 30க்கு மேல் என்று ஓர் அட்டவணை அச்சிடப்பட்டிருந்தது. அதைக் கத்தரித்து அலமாரிக் கதவின் உட்புறம் ஒட்டிவைத்தேன். ஏறக்குறைய எட்டு மாதம் அந்தத் தாள் அங்கேயே இருந்தது. அதை நம்பி நான் குடித்த மோசமான காபிக்குக் கணக்கில்லை. இப்போது அந்த இடத்தில் ஒரு சிறிய குறிப்பேடு தொங்குகிறது. அதில் உள்ள எண்களின் கணக்கே வேறு.

கருவியின் பெயரைச் சொல்லப்போவதில்லை. நான் எழுதப்போவதில் பெரும்பகுதி இதே அமைப்பிலுள்ள எந்த வீட்டுக் கிரைண்டருக்கும் பொருந்தும் என்பதுதான் காரணம். உள்ளே 40 மில்லிமீட்டர் எஃகுப் பற்கள்: அசையாத வளையம் ஒன்று, அதனுள் சுழலும் கூம்பு ஒன்று. வெளியிலுள்ள திருகு வளையத்தைத் திருப்பினால் இரண்டுக்கும் இடையிலுள்ள இடைவெளி கூடும் அல்லது குறையும். மொத்தம் 40 படிகள்; எண் கூடக் கூடத் தூள் பருமனாகும். காபிக்கொட்டை அந்த இடைவெளியில் நுழையும் அளவுக்கு உடைபட்ட பிறகே கீழே இறங்க முடியும் என்பதால், தூளின் பருமனை முடிவு செய்வது அந்த இடைவெளிதான். இதற்கு முன் என்னிடமிருந்த கத்தி பொருத்திய கிரைண்டரில் இப்படி எதையும் தீர்மானிக்க வழியில்லை. அதில் எவ்வளவு நேரம் ஓடவிட்டாலும் ஒரே அரவையில் மாவும் குருணையும் கலந்தே வந்தன.

அட்டவணை ஏன் பொய்த்தது என்பது தாமதமாகத்தான் விளங்கியது. வளையத்தில் எழுதியிருக்கும் எண் இடைவெளியின் அளவைக் குறிப்பதில்லை. அது வெறும் அடையாளம். பற்கள் ஒன்றையொன்று தொடும் இடத்தைப் பூஜ்யம் என்று கொண்டால், என் கிரைண்டரில் அந்தப் பூஜ்யம் 3 என்ற எண்ணில் இருந்தது. இதே வகைக் கிரைண்டரை வைத்திருக்கும் நண்பருக்கு அது 1க்கும் கீழே இருந்தது. அவர் எண்ணை நானும், என் எண்ணை அவரும் பின்பற்றி இருவருமே ஏமாந்தோம். இப்போது ஒவ்வொரு முறை கழற்றித் துடைத்து மாட்டிய பிறகும், கொட்டை எதுவும் இல்லாமல் மோட்டாரை ஓடவிட்டு, வளையத்தை மெதுவாக நைஸான பக்கம் திருப்பிக்கொண்டே போகிறேன். உலோகம் உரசும் மெல்லிய கீச்சொலி கேட்கும் அந்தக் கணத்திலேயே பின்வாங்கி, அந்த எண்ணைக் குறித்துக்கொள்கிறேன். அதற்கு மேல் ஒரு வினாடி உரசவிட்டாலும் பற்களின் முனைக்குக் கேடு. குறிப்பேட்டில் உள்ளவை எல்லாம் பூஜ்யத்திலிருந்து இத்தனை படி என்ற கணக்குதான். இனி இக்கட்டுரையில் வரும் எண்களும் அப்படியே.

முதலில் பிடிபட்டது, காகித வடிகட்டியில் கையால் ஊற்றி வடிக்கும் முறை. 15 கிராம் தூள், 250 கிராம் தண்ணீர், 93 டிகிரி சூடு, மொத்தம் மூன்று நிமிடம் என்பவற்றை மாற்றாமல் வைத்துக்கொண்டு அரவையை மட்டும் நாளுக்கு ஒரு படி நகர்த்தினேன். 19ஆம் படியில் காபி சப்பென்றும், நாக்கின் ஓரத்தில் சுருக்கென்ற புளிப்போடும் இருந்தது. 16இல் இனிப்பு தலைகாட்டியது. 13இல் கசப்பு ஏறி, விழுங்கிய பிறகு வாய் வறளும்படியான துவர்ப்பு தங்கியது. கொட்டையில் தண்ணீரில் கரையக்கூடிய பொருள் ஏறத்தாழ 30 விழுக்காடு. அதில் தூளின் எடையில் 18 முதல் 22 விழுக்காடு வரை கரைந்து வந்தால் சுவை சமநிலையில் இருக்கும் என்பது நெடுநாளாகப் புழங்கிவரும் அளவுகோல். பருத்த தூளில் தண்ணீர் உட்புறத்தை எட்டுவதற்குள் நேரம் முடிந்துவிடுகிறது. அதனால் முதலில் கரையும் புளிப்பு மட்டும் முந்திக்கொண்டு வருகிறது. நுண்ணிய தூளில் கடைசியாகக் கரையும் கசப்பும் சேர்ந்து வந்துவிடுகிறது.

கேட்க எளிதாக இருக்கும் இந்த விதி என்னைப் பல நாள் குழப்பியதும் உண்டு. இளவறுவல் கொட்டைக்கு இயல்பிலேயே பழத்தின் புளிப்பு உண்டு. அதைக் குறை என்று எண்ணி நைஸாக்கிக்கொண்டே போனால், நல்ல கொட்டையைத் துவர்க்கவைத்துக் கெடுப்பதுதான் மிச்சம். புளிப்போடு இனிப்பும் இருந்தால் விட்டுவிடலாம். புளிப்பும் வெறுமையும் சேர்ந்து இருந்தால்தான் வளையத்தில் கை வைக்க வேண்டும். கடிகாரத்தையும் ஓர் எல்லைக்கு மேல் நம்ப முடியவில்லை. ஆழ்ந்த வறுவல் கொட்டை எளிதில் நொறுங்கி நுண்தூளை அதிகம் உதிர்க்கிறது. அது காகிதத்தின் துளைகளை அடைத்துக்கொள்ளும்போது, அரவை சரியாகவே இருந்தாலும் நான்கு நிமிடம் பிடிக்கிறது. அதனால் கருத்த கொட்டைக்கு 17, 18 என்றும், கெட்டியான இளவறுவலுக்கு 14 என்றும் இரண்டு வரிகளாகக் குறித்து வைத்திருக்கிறேன். இந்த முறைக்கு ஒரே எண் என்று எதுவும் எனக்கு அமையவே இல்லை.

பிரெஞ்சு பிரஸ் விஷயத்தில் நான் நம்பியிருந்தது தலைகீழாயிற்று. கொரகொரப்பாக, கல்லுப்பு அளவுக்கு அரைக்க வேண்டும் என்று எல்லோரும் சொன்னதால் முதல் ஆண்டு முழுவதும் 30ஆம் படியிலேயே அரைத்தேன். காபி நீர்த்திருந்தது, அடியில் வண்டலும் குறையவில்லை. அந்த வண்டல் அரவையின் பொதுவான பருமனால் வருவதன்று. எந்தப் படியில் வைத்தாலும் பற்கள் ஓரளவு நுண்தூளை உதிர்க்கத்தான் செய்யும், உலோக வலை அதைத் தடுப்பதில்லை. வளையத்தால் தீராத சிக்கலை வளையத்தைத் திருப்பித் தீர்க்கப் பார்த்திருக்கிறேன். இப்போது 20ஆம் படியில் அரைத்த 30 கிராம் தூளில் 500 கிராம் கொதிநீரை ஊற்றி நான்கு நிமிடம் விடுகிறேன். பிறகு மேலே திரண்டிருக்கும் ஏட்டைக் கரண்டியால் கலைத்து, நுரையை வழித்தெடுத்துவிட்டு, இன்னும் ஐந்து நிமிடம் அசைக்காமல் வைக்கிறேன். தூள் தானாகவே அடியில் படிந்துவிடுகிறது. வலையை அடிவரை அழுத்தாமல் காபியின் மேல்மட்டத்தில் நிறுத்தி ஊற்றினால், கடைசி வாய் வரை தெளிவாக இருக்கிறது. ஆறிப்போகாதா என்று கேட்பவர்களுக்கு: குடிக்கும் சூட்டுக்கு வருகிறது, அவ்வளவுதான்.

மோக்கா பாட் 1933 முதல் புழக்கத்தில் இருக்கும் எளிய கருவி; அடுப்பில் வைத்தால் கீழறையின் வெந்நீர் தூளின் வழியே மேலே ஏறும். அதில் எஸ்பிரெசோ அளவுக்கு நைஸாக அரைக்கும் தவறை நானும் செய்தேன். அடுப்பின் சூட்டில் அதற்குள் எழும் அழுத்தம் எஸ்பிரெசோ இயந்திரத்தின் 9 பாரில் சிறு பங்குதான். நைஸான தூளைத் திணித்தால் தண்ணீர் ஏற முடியாமல் திணறி, தூள் கருகிய கசப்பே மிஞ்சும். 10ஆம் படியில் அரைத்து, கூடையை நிரப்பி, அழுத்தாமல் தட்டிச் சமப்படுத்தினால் போதும். குளிர்நீரில் ஊறவைக்கும் கோல்ட் ப்ரூவுக்கு 26. பன்னிரண்டு மணிநேரத்துக்கு மேல் ஊறுவதால் இரண்டு மூன்று படி முன்பின் இருந்தாலும் எனக்கு வேறுபாடு தெரியவில்லை. ஊறிய காபியைக் கையால் அழுத்தி வடிக்கும் குழாயான ஏரோபிரஸ்ஸிலும் அரவையை நைஸாக்கினால் நேரத்தைக் குறைத்து ஈடுகட்டிவிடலாம். புதிய கொட்டை வாங்கியவுடன் முதலில் 12ஆம் படியில் அரைத்து அதில் போட்டுத்தான் குணத்தைப் பார்க்கிறேன்.

எஸ்பிரெசோதான் என்னை அலைக்கழித்தது. 18 கிராம் தூளிலிருந்து 36 கிராம் காபி 25 முதல் 30 வினாடிக்குள் இறங்க வேண்டும் என்பது பலரும் தொடக்கத்தில் வைத்துக்கொள்ளும் இலக்கு. என் கிரைண்டரில் 5ஆம் படியில் அது 19 வினாடியில் ஓடிவிடும். 4ஆம் படிக்கு வந்தால் 38 வினாடி சொட்டுச் சொட்டாக இறங்கும். நான் தேடிய இடம் இரண்டு படிகளுக்கும் நடுவே இருந்தது. அங்கே வளையம் நிற்காது. வாங்கும் முன் படிகளின் எண்ணிக்கையைப் பார்த்தேனே தவிர, ஒவ்வொரு படிக்கும் இடைவெளி எவ்வளவு மாறுகிறது என்பதைப் பார்க்கவில்லை. காகித வடிகட்டிக்கு ஒரு படி என்பது மெல்லிய திருத்தம். எஸ்பிரெசோவுக்கோ அது பெரும் தாவல். போதாக்குறைக்கு, வறுத்த கொட்டை நாள்பட நாள்படத் தன்னுள் உள்ள கரியமில வாயுவை இழக்கிறது, காபியும் முன்னைவிட வேகமாக ஓடத் தொடங்குகிறது. முதல் வாரம் பொருந்திய படி மூன்றாம் வாரம் பொருந்துவதில்லை.

படியை மாற்ற முடியாதபோது எடையை மாற்றினேன். 5ஆம் படியிலேயே நின்று, தூளை அரை அரை கிராமாகக் கூட்டி 19க்குக் கொண்டுபோனால் ஏழெட்டு வினாடி கூடியது. சில மாதம் இப்படி ஓட்டிய பின், 2020இல் ‘மேட்டர்’ என்ற ஆய்விதழில் வெளிவந்த கட்டுரை ஒன்றைப் பற்றி அறிந்தேன். மிக நைஸாக அரைக்கும்போது தண்ணீர் தூள்படுகையில் சீராகப் பரவாமல் சில தடங்களை மட்டும் பிடித்துக்கொண்டு ஓடுகிறது. சற்றுப் பருமனாக, தூளையும் குறைத்துப் போட்டால் ஒவ்வொரு கோப்பையும் முந்தையதை ஒத்திருக்கும் என்பது அதன் சாரம். 15 கிராம் தூளை 6ஆம் படியில் அரைத்துப் பார்த்தேன். காபி 15 வினாடிக்குள் இறங்கியது, அடர்த்தியும் குறைந்தது. ஆனால் ஒரு நாள் போல மறுநாளும் இருந்தது. அடர்த்தியை விரும்பும் எனக்கு முழு நிறைவில்லை என்றாலும், பாதி புளிப்பாகவும் பாதி கசப்பாகவும் மல்லுக்கட்டிய மாதங்களை நினைத்தால் அது எவ்வளவோ மேல்.

ஒரு முறையிலிருந்து இன்னொன்றுக்குத் தாவுவதில் உள்ள இழப்பை எந்தக் கையேடும் சொல்வதில்லை. அரைத்து முடித்த பிறகும் ஏறக்குறைய இரண்டு கிராம் தூள் உள்ளேயே தங்கிவிடுகிறது. காலையில் பிரெஞ்சு பிரஸ்ஸுக்கு அரைத்துவிட்டு மாலையில் எஸ்பிரெசோவுக்குத் திருப்பினால், அந்தக் குருணை நைஸான தூளோடு கலந்து ஓட்டத்தைக் கெடுக்கும். நான்கு கிராம் கொட்டையை அரைத்துக் கொட்டிய பிறகே புதிய படிக்கு உரிய தூள் வந்தது. வளையத்திலும் சிறு தளர்வு இருப்பதால், 16ஐக் கீழிருந்து ஏறி அடைவதும் மேலிருந்து இறங்கி அடைவதும் ஒன்றாக இல்லை. எப்போதும் இரண்டு படி மேலே போய், அங்கிருந்து நைஸான பக்கம் இறங்கி நிறுத்துகிறேன். ஒருமுறை மோட்டார் நின்றிருக்கும்போது, பற்களுக்கு இடையே பாதி அரைபட்ட கொட்டை இருப்பதை மறந்து, 20இலிருந்து 5க்கு வலுவாகத் திருப்பினேன். வளையம் அப்படியே இறுகிக்கொண்டது. முழுவதையும் கழற்றி, மேல் வளையத்தை மெல்லத் தட்டியெடுக்க ஒரு மணிநேரம் ஆயிற்று. நைஸாக்கும்போது மோட்டார் ஓடிக்கொண்டிருக்க வேண்டும் என்ற வரி கையேட்டில் இருக்கத்தான் செய்தது. நான் அட்டவணையை மட்டும் கத்தரித்திருந்தேன்.

வறண்ட நாள்களில் தூள் மின்னேற்றம் பெற்றுக் கிரைண்டரின் உட்சுவரெங்கும் ஒட்டிக்கொள்வது இன்னொரு தொல்லை. அரைப்பதற்கு முன் கொட்டையில் ஓரிரு துளி தண்ணீர் தெளித்துக் குலுக்கினால் அது பெரும்பாலும் அடங்கிவிடுகிறது. ஈரம் மின்னேற்றத்தைக் குறைக்கிறது என்பதை ஓரிகன் பல்கலைக்கழகத்து ஆய்வாளர்கள் 2023இல் அளந்து காட்டியிருக்கிறார்கள். உள்ளே தங்கும் தூளும் எனக்கு அரை கிராமாகக் குறைந்தது. ஆனால் பற்களைத் தண்ணீரில் கழுவக் கூடாது, துருப்பிடிக்கும். உலர்ந்த தூரிகையே போதும். எண்ணெய் கசியும் கருத்த கொட்டையை அரைத்தால் மாதம் ஒருமுறை, மற்றபடி இரண்டு மாதத்துக்கு ஒருமுறை துடைக்கிறேன். ஒருமுறை துடைத்து மாட்டியபின் பூஜ்யத்தைப் பார்க்க மறந்துவிட்டேன்; அது ஒன்றரைப் படி நகர்ந்திருந்தது. ஒரு வாரம் முழுவதும் கொட்டை சரியில்லை என்று திட்டிக்கொண்டிருந்தேன்.

நான்கு ஆண்டில் மோட்டார் ஒருநாளும் நிற்கவில்லை. பற்களின் முனை மழுங்கியதாகவும் தெரியவில்லை. சத்தம் மட்டும் முன்பு போலவே அதிகம். காகித வடிகட்டி, பிரெஞ்சு பிரஸ், மோக்கா பாட், ஏரோபிரஸ் ஆகியவற்றுக்கு இந்தக் கருவியைத் தயக்கமின்றிப் பரிந்துரைப்பேன். எஸ்பிரெசோவும் இதிலேயே வேண்டும் என்பவர்களுக்கு, அதை மட்டும் தினமும் போடுவதாக இருந்து, எடையை மாற்றி ஈடுகட்டும் பொறுமையும் இருந்தால் முடியும் என்பேன். காலையில் ஒன்று மாலையில் ஒன்று என்று மாறிமாறிப் போடுபவர்களுக்கு முடியாது என்பேன். சென்ற ஆண்டு நான் எஸ்பிரெசோவுக்கென்று படிகள் நெருக்கமாக உள்ள கைக் கிரைண்டர் ஒன்றைத் தனியாக வாங்கிவிட்டேன். 18 கிராமைச் சுற்றி முடிக்க ஒன்றரை நிமிடம் ஆகிறது, இளவறுவலானால் கையும் வலிக்கிறது. ஆனால் 28 வினாடி வேண்டுமென்றால் 28 வினாடி கிடைக்கிறது. பழைய கிரைண்டரின் வளையம் இப்போது 10க்குக் கீழே போவதே இல்லை.