எக்ஸ்ரே நேரத்தை யார் முடிவு செய்வது: டெக்னீஷியனா, சென்சாரா?

எக்ஸ்ரே கதிர் எவ்வளவு நேரம் பாய வேண்டும் என்பதை மேனுவல் முறையில் டெக்னீஷியனே அமைக்கிறார். ஆட்டோ முறையில், நோயாளிக்கும் படத்தைப் பதிவுசெய்யும் டிடெக்டருக்கும் நடுவே உள்ள அயனி அறைகள் என்ற சென்சார்கள், வழக்கமாக மூன்று, உடலைக் கடந்து வரும் கதிரை அளக்கின்றன. தேவையானது சேர்ந்ததும் கதிர் தானாக நின்றுவிடும்.

மார்பு, வயிறு, இடுப்பு என்றால் நான் ஆட்டோ பக்கம்தான். ஒரே எடையுள்ள இருவருக்குக்கூட வயிற்றின் தடிமன் ஒன்றாக இருக்காது. இன்னொரு முக்கியமான காரணமும் உண்டு. ஃபிலிமில் கதிர் கூடினால் படம் கறுத்துக் காட்டிக்கொடுக்கும். டிஜிட்டலில் மென்பொருள் அதைச் சரிசெய்துவிடும். குறைந்தால்தான் படம் புள்ளி புள்ளியாகத் தெரியும். அதனால் மேனுவலில் எடுப்பவர்கள் தங்களை அறியாமலே டோஸை, அதாவது நோயாளி பெறும் கதிர் அளவை, கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றிவிடுகிறார்கள். இதைப் பிடிக்கத்தான், டிடெக்டருக்கு வந்த கதிர் இலக்கிலிருந்து எவ்வளவு விலகியது என்று காட்டும் டீவியேஷன் இண்டெக்ஸ் என்ற எண் இருக்கிறது: 0 என்றால் சரியான அளவு, +3 என்றால் ஏறக்குறைய இரு மடங்கு. எந்த முறையில் எடுத்தாலும் தயவுசெய்து இந்த எண்ணைப் பாருங்கள்.

சரி, ஆட்டோ எங்கே சறுக்கும்? இடுப்பில் பொருத்திய உலோக மூட்டு அயனி அறையை மறைத்தால், போதிய கதிர் வராமல் நேரம் நீண்டுகொண்டே போகும், பாதுகாப்புக்காக வைத்த உச்ச வரம்பான பேக்கப் டைமர் வெட்டும் வரை. அங்கே மேனுவலுக்கு மாறுவதே நல்லது. பேக்கப் டைமரை எதிர்பார்க்கும் அளவைப் போல ஒன்றரை மடங்கில் வைப்பது வழக்கம். தோள்பட்டைப் படத்தில் நேர்மாறாக நடக்கும். அறையின் ஓரம் உடலுக்கு வெளியே நீண்டிருந்தால், தடையில்லாத கதிர் அதில் பட்டு எக்ஸ்போஷர் சட்டென்று முடிந்துவிடும். மறுபடி எடுக்க வேண்டியதுதான். நேராக எடுக்கும் மார்புப் படத்தில் பக்க அறைகளுக்குப் பதில் நடு அறையைத் தேர்ந்தெடுத்தால், முதுகெலும்புக்கு ஏற்ற நேரம் ஓடி நுரையீரல் பகுதிக்குக் கதிர் கூடிவிடும்.

விரல், மணிக்கட்டு, பச்சிளம் குழந்தை என்றால் மேனுவல். உடல் பகுதி அறையை முழுதாக மூடாது.

குழந்தைகள் விஷயத்தில் இன்னொன்று. 100 மில்லி ஆம்பியரில் 0.1 நொடி கொடுத்தாலும் 400-ல் 0.025 நொடி கொடுத்தாலும் கணக்கு ஒன்றுதான், 10 எம்ஏஎஸ் (மில்லி ஆம்பியரை நொடியால் பெருக்கிய அளவு). டோஸ் மாறாது. ஆனால் இரண்டாவதில் நேரம் கால் பங்குதான். குழந்தை அசைந்தாலும் படம் மங்கும் வாய்ப்பு குறைவு, மறுபடி எடுக்கும் தேவையும் குறையும்.