தானாக அணைந்த டெஸ்க்டாப்: எஸ்எம்பிஎஸ் மாற்றி ஓட்டிய அனுபவம்

கல்யாண ஆல்பம் டிசைன் செய்வதுதான் என் தொழில். 12-க்கு 36 அங்குலப் பக்கம், 300 டிபிஐ, ஒவ்வொரு பக்கத்திலும் லேயர் லேயராகப் படங்கள். கூடவே ஹைலைட்ஸ் வீடியோ ரெண்டரும் (எடிட் செய்ததை முழு வீடியோ ஃபைலாக்குவது) உண்டு. இதற்காக 2018-இல் அசெம்பிள் செய்த மெஷின் என்னுடையது: இன்டெல் ஐ5-8400, 16 ஜிபி ரேம், ஜிடிஎக்ஸ் 1050 டிஐ. கேபினெட்டோடு வந்த எஸ்எம்பிஎஸ் (சுவர் கரண்டை மெஷினுக்கு வேண்டிய டிசியாக மாற்றித் தரும் பெட்டி), மேலே 450 வாட் என்று பெரிய எழுத்தில் ஸ்டிக்கர். மூன்று வருடம் ஒரு குறையும் சொல்ல முடியாமல் ஓடியது. 2021 கோடையில் ரெண்டர் பாதியில் பட்டென்று அணைய ஆரம்பித்தது. அப்போது எஸ்எம்பிஎஸ் மாற்றியதிலிருந்து இன்றுவரை அந்தத் தொல்லை இல்லை. இதே பிரச்சினையோடு நிறையப் பேர் ஃபார்மேட் மேல் ஃபார்மேட் போட்டுக்கொண்டிருப்பதைப் பார்க்கிறேன். அதனால்தான் விரிவாகவே எழுதுகிறேன்.

முதலில் மெஷின் எப்படி அணைகிறது என்று பாருங்கள். நீலத் திரை வந்து ரீஸ்டார்ட் ஆனால் அது டிரைவர், ரேம், டிஸ்க் பக்கம் தேட வேண்டிய கதை. ‘ஷட்டிங் டவுன்’ என்று காட்டிவிட்டு ஒழுங்காக அணைந்தால் யாரோ அல்லது ஏதோ ஒரு புரோகிராம் கட்டளை கொடுத்திருக்கிறது. என் மெஷினில் ஃபேன், விளக்கு, திரை எல்லாம் ஒரே நொடியில் போயின. இது கரண்ட் சம்பந்தப்பட்ட விஷயம், இல்லையென்றால் சூடு. விண்டோஸை ஃபார்மேட் செய்வதால் இது சரியாகாது.

விண்டோஸ் தன் நிகழ்வுகளைக் குறித்துவைக்கும் ஈவன்ட் வியூவரில் சிஸ்டம் லாகைத் திறந்தால் ‘கெர்னல்-பவர் 41’ என்ற பதிவு சிவப்பாக நிற்கும். இதைப் பார்த்ததுமே பலர் நோய் பிடிபட்டுவிட்டதாக நினைத்துவிடுகிறார்கள். போன தடவை ஒழுங்காக அணையவில்லை என்று மட்டும்தான் அந்த 41 சொல்கிறது. காரணத்தைச் சொல்லாது. ஆனால் அதன் டீட்டெய்ல்ஸ் பகுதிக்குள் போனால் உபயோகமான விவரம் கிடைக்கும். ‘பக்செக் கோடு’ என்ற வரியில் பூஜ்யம் இல்லையென்றால் நீலத் திரைப் பிழை. பூஜ்யமாக இருந்தால் பிழையைப் பதிவு செய்யக்கூட விண்டோஸுக்கு அவகாசம் கிடைக்கவில்லை, பெரும்பாலும் கரண்ட் அறுந்திருக்கிறது. பவர்பட்டன்டைம்ஸ்டாம்ப் என்று ஒரு வரி இருக்கும். அதில் பூஜ்யம் தவிர வேறு எண் இருந்தால் பவர் பட்டன் அழுந்தியபடியே இருந்திருக்கிறது. என் சித்தப்பா மகன் வீட்டு மெஷினில் இதுதான் கோளாறு. கேபினெட்டின் பட்டன் உள்ளே சிக்கிக்கொண்டு வெளியே வரவில்லை. நான்கு நொடி அழுந்தியிருந்தாலே மதர்போர்டு மெஷினை அணைத்துவிடும். போர்டிலிருந்து பவர் ஸ்விட்ச் ஒயரைப் பிடுங்கிவிட்டு, அந்த இரண்டு பின்களையும் ஸ்குரூடிரைவர் முனையால் ஒரு நொடி தொட்டு ஆன் செய்தோம். சாயங்காலம் வரை அணையவில்லை. ரீசெட் பட்டன் ஒயரை அந்த இடத்தில் மாட்டிக் கொடுத்தேன், செலவே இல்லை.

என் மெஷினில் இரண்டுமே பூஜ்யம். அடுத்து சூட்டைப் பார்த்தேன். ஹெச்டபிள்யூஇன்ஃபோ என்ற இலவச மென்பொருளில் லாகிங் போட்டுவிட்டால் இரண்டு நொடிக்கு ஒரு வரி என்று எல்லா அளவையும் ஃபைலில் எழுதிக்கொண்டே போகும். மெஷின் செத்தாலும் அதுவரை எழுதிய வரிகள் இருக்கும். ரெண்டர் ஓடவிட்டேன், அணைந்தது. திரும்ப ஆன் செய்து ஃபைலின் கடைசி வரியைப் பார்த்தால் ப்ராசசர் 71 டிகிரி. இந்த ப்ராசசரின் வரம்பு 100 டிகிரி. அதைத் தொட்டால்கூட முதலில் வேகத்தைத்தான் குறைத்துக்கொள்ளும், அதற்கும் மேலே போனால்தான் அணையும். ஆகவே சூடு இல்லை. உங்கள் ஃபைலின் கடைசி வரிகள் 95, 98, 100 என்று ஏறியிருந்தால் தூசி தட்டி, தெர்மல் பேஸ்ட் மாற்றி, கூலர் போர்டில் நான்கு மூலையும் பதிந்திருக்கிறதா என்று பாருங்கள். பெரும்பாலும் அதிலேயே முடிந்துவிடும்.

எஸ்எம்பிஎஸ் மேல் சந்தேகம் வலுத்ததற்கு இன்னொரு காரணம் இருந்தது. அணைந்த பிறகு பவர் பட்டனை எத்தனை அழுத்தினாலும் அசையாது. சுவரில் ஸ்விட்சை அணைத்து, கொஞ்சம் பொறுத்து மறுபடி போட்டால்தான் உயிர் வரும். எஸ்எம்பிஎஸ்ஸுக்குள் இருக்கும் பாதுகாப்புச் சுற்று தன்னைப் பூட்டிக்கொண்டால் இப்படித்தான் நடக்கும்.

மல்டிமீட்டரை எடுத்து, எஸ்எம்பிஎஸ்ஸிலிருந்து சும்மா தொங்கிய நான்கு பின் மோலெக்ஸ் கனெக்டரில் மஞ்சள் ஒயருக்கும் கறுப்புக்கும் வைத்தேன். சும்மா இருக்கும்போது 11.8 வோல்ட். ரெண்டர் தொடங்கியதும் 11.5, 11.4, அப்புறம் 11.3 என்று இறங்கி, கண்ணெதிரே அணைந்தது. டெஸ்க்டாப் எஸ்எம்பிஎஸ்களுக்கான ஏடிஎக்ஸ் விதிப்படி 12 வோல்ட் லைனில் 5 சதவீதம் வரைதான் ஏறலாம், இறங்கலாம். அதாவது 11.4-க்குக் கீழே போகவே கூடாது. ஒயரைக் கழற்றிவிட்டு ஃபேன் பக்கமாக டார்ச் அடித்துப் பார்த்தேன். ஒரு கெப்பாசிட்டரின் தலை உப்பி, மேலே காபி நிறத்தில் காய்ந்த கசிவு. இவ்வளவு தெரிந்தால் போதும், மூடியைத் திறக்காதீர்கள். உள்ளே இருக்கும் பெரிய கெப்பாசிட்டர் நம் ஊர் 230 வோல்ட்டில் 325 வோல்ட் டிசி வரை ஏறும், பிளக்கைப் பிடுங்கிய பிறகும் சார்ஜ் தங்கியிருக்கும். உயிருக்கே ஆபத்து.

சர்வீஸ் கடைத் தம்பி மெஷினைப் பார்த்துவிட்டு, “போர்டு போயிருச்சுண்ணே. இந்த போர்டு புதுசா கிடைக்காது, ப்ராசசரோட சேர்த்து மாத்திருங்க” என்றார். பெரிய செலவு. “தம்பி, நல்லா ஓடுற எஸ்எம்பிஎஸ் ஒண்ணு இருந்தா ரெண்டு நாளைக்குக் குடுங்க, அதைப் போட்டுப் பாத்துட்டு முடிவு பண்ணுவோம்” என்றேன். கொடுத்தார். அதை மாட்டியதும் அதே ரெண்டர் விடிய விடிய ஓடியது. மீட்டர் சொல்வதைவிட இந்த மாற்றிப் போட்டுப் பார்க்கும் சோதனையைத்தான் நான் நம்புவேன். மீட்டர் சராசரியைத்தான் காட்டும், கண் இமைக்கும் நேரத்துச் சரிவுகள் அதில் தெரியாது.

புதிதாக வாங்கும்போது ஸ்டிக்கரில் பெரிதாக இருக்கும் வாட்டை விட்டுவிட்டு, 12 வோல்ட் லைனுக்கு எத்தனை ஆம்ப் என்று படியுங்கள். ப்ராசசரும் கிராஃபிக்ஸ் கார்டும் குடிப்பது அதிலிருந்துதான். என் பழைய 450 வாட் பெட்டியில் 16 ஆம்ப் என்று போட்டிருந்தது. 12-ஆல் பெருக்கினால் 192 வாட்தான்! 550 வாட், 80 பிளஸ் ப்ரான்ஸ், ஐந்து வருட வாரன்டி உள்ளதாக வாங்கினேன், நான்காயிரத்துச் சொச்சம் ஆனது. 80 பிளஸ் என்பது எவ்வளவு கரண்ட் வீணாகாமல் போய்ச் சேர்கிறது என்பதற்கான சான்று மட்டுமே. ஓவர்லோடு, ஷார்ட் சர்க்யூட் பாதுகாப்புகள் இருக்கின்றனவா என்று தனியாகப் பார்க்க வேண்டும்.

மாற்றிய பிறகு ரெண்டரில் ஒரு தடவைகூட அணையவில்லை. மே மாத மதியத்திலும் சரி, முகூர்த்த மாதங்களில் இரவு முழுக்க ஓடும்போதும் சரி. ஒரே ஒரு புது இடைஞ்சல் வந்தது: கரண்ட் போனால் யூபிஎஸ்ஸுக்கு மாறும் நொடியில் ரீஸ்டார்ட் ஆனது. மெஷினைக் கழற்றிவிட்டு யூபிஎஸ்ஸில் ஒரு 100 வாட் குண்டு பல்பை மாட்டி, சுவர் ஸ்விட்சை அணைத்தேன். பல்பு மங்கி உடனே அணைந்தது. பேட்டரி முடிந்திருந்தது. புது 12 வோல்ட் 7 ஆம்ப்-அவர் பேட்டரி போட்டதும் சரியாகிவிட்டது. எங்கள் ஊர் வெயிலில் அது இரண்டு மூன்று வருடத்துக்கு மேல் வராது, அதனால் ஆடி மாதத்தில் ஒரு தடவை இந்த பல்பு சோதனையைச் செய்துவிடுகிறேன். ஏபிஎஃப்சி (சுவர் கரண்டைச் சீராக இழுக்க வைக்கும் சுற்று) உள்ள எஸ்எம்பிஎஸ் சில மலிவான யூபிஎஸ்களோடு ஒத்துப்போகாது. புது பேட்டரிக்குப் பிறகும் ரீஸ்டார்ட் ஆனால் யூபிஎஸ்ஸையே மாற்ற வேண்டியிருக்கும். இப்போது எஸ்எம்பிஎஸ் ஃபேனில் ஆன் செய்ததும் லேசாக ஒரு கரகரப்பு கேட்கிறது, சில நிமிடத்தில் நின்றுவிடுகிறது. மீட்டரில் லோடிலும் 12.0 காட்டுவதால் அப்படியே விட்டிருக்கிறேன். வாரன்டிக்குக் கேட்கும் பில் தெர்மல் பேப்பர் என்றால் எழுத்து மறைந்துவிடும், வாங்கிய அன்றே ஜெராக்ஸ் எடுத்து கேபினெட்டின் உள்பக்கம் ஒட்டிவிடுங்கள்.