இராமையன்பட்டி கால்நடை மருத்துவமனையில் எங்கள் மைனாவுக்குக் கிடைத்த புற்றுநோய்ச் சிகிச்சை

எங்கள் வீட்டுக் கன்னி இன நாய் மைனாவின் மடியில் இருப்பது புற்றுநோய்க் கட்டியாக இருக்கலாம் என்ற சந்தேகம் எழுந்த நாளிலிருந்து, திருநெல்வேலியை அடுத்த இராமையன்பட்டியில் இருக்கும் அரசு கால்நடை மருத்துவக் கல்லூரியின் சிகிச்சை வளாகத்தில்தான் அவளுக்கு வைத்தியம் பார்த்து வருகிறோம். தமிழ்நாடு கால்நடை மருத்துவ அறிவியல் பல்கலைக்கழகத்தின் கீழ் 2012-இல் தொடங்கப்பட்ட கல்லூரி இது. எங்கள் மானூர்ப் பக்கத்தில் ஆடு, மாடு வளர்ப்பவர்களுக்கு நன்கு பழக்கமான இடம்தான் என்றாலும், நாய்க்குப் புற்றுநோய் வந்தால் அங்கே என்ன செய்வார்கள் என்று தெரிந்தவர்கள் குறைவு. அந்தக் கவலையோடு இருக்கும் குடும்பங்களுக்காக இதை எழுதுகிறேன்.

முதலில் மைனாவை வேறோர் இடத்தில் காட்டினோம். பின்னங்கால்களை ஒட்டிய காம்புக்கு அடியில் சுண்டைக்காய் அளவில் தென்பட்ட கட்டியைத் தொட்டுக்கூடப் பார்க்காமல், அது வெறும் கொழுப்பு என்று சொல்லி மாத்திரை எழுதிக் கொடுத்து அனுப்பினார்கள். கட்டி வளர்ந்துகொண்டே போனது. இராமையன்பட்டிக்குக் கொண்டு சென்றபோது அது மூன்று சென்டிமீட்டரைத் தாண்டியிருந்தது. மடிக் கட்டியில் மூன்று சென்டிமீட்டர் என்பது முக்கியமான எல்லை என்பதும், அதற்குள் வெட்டி எடுக்கப்படும் கட்டிகளுக்குப் பின்விளைவு பொதுவாக நல்லபடியாக அமைகிறது என்பதும் அங்கே போன பிறகுதான் எங்களுக்குத் தெரியவந்தது.

இந்த மருத்துவமனையில் என்னை முதலில் கவர்ந்தது, பரிசோதித்த முறை. மேசையில் ஏற்றியதும் மைனா நடுங்கத் தொடங்கினாள். உடனே மருத்துவர் அவளைக் கீழே இறக்கச் சொல்லிவிட்டு, தாமும் தரையில் உட்கார்ந்துகொண்டார். நாய்க்கு வழக்கமாக இரண்டு வரிசையாக அமைந்திருக்கும் பத்துப் பால்சுரப்பிகளையும் ஒவ்வொன்றாக விரலால் அழுத்திப் பார்த்து, அக்குளிலும் தொடையிடுக்கிலும் நெறி (நிணநீர்க் கணு) கட்டியிருக்கிறதா என்று தேடி, சுற்றி நின்ற மாணவர்களுக்கு ஒவ்வொரு இடத்தையும் விளக்கினார். இடையில் என் அம்மாவின் விரலைப் பிடித்து இன்னொரு சுரப்பியின் மேல் வைத்து, “இங்க சின்னதா ஒண்ணு உருளுது பாருங்கம்மா, தெரியுதா?” என்று கேட்டார். தினமும் அவளைத் தடவிக் கொடுக்கும் எங்கள் யாருக்கும் அந்த இரண்டாவது கட்டி அதுவரை தட்டுப்பட்டதில்லை.

அடுத்து, ஊசியால் கட்டியிலிருந்து சிறிது உறிஞ்சிக் கண்ணாடித் தகட்டில் பரப்பிப் பார்த்தார்கள்; இரத்தப் பரிசோதனை செய்தார்கள்; நெஞ்சை இரு பக்கவாட்டிலும் நேராகவும் எக்ஸ்ரே எடுத்தார்கள். மடிப் புற்றுநோய் பரவினால் பக்கத்து நெறிகளுக்கும் நுரையீரலுக்கும்தான் பெரும்பாலும் போகும் என்பதால், கத்தி வைப்பதற்கு முன் நுரையீரலைப் பார்த்தாக வேண்டும் என்று விளக்கினார்கள். நாய்களின் மடிக் கட்டிகளில் ஏறத்தாழப் பாதி சாதாரணக் கட்டிகளே என்றும், ஊசிப் பரிசோதனையை மட்டும் வைத்து முடிவாகச் சொல்ல முடியாது, வெட்டி எடுத்த திசுவைச் சோதித்த பிறகே உறுதி செய்ய முடியும் என்றும் சொன்னார்கள். எக்ஸ்ரேயில் ஒன்றும் தெரியவில்லை என்ற நல்ல செய்தியைச் சொல்லும்போதும், மிகச் சிறிய பரவல் படத்தில் பிடிபடாது என்பதைச் சேர்த்தே சொன்னார்கள். எந்தக் கட்டத்தில் எது தெரியும், எது தெரியாது என்று இப்படிப் பிரித்துச் சொன்னதுதான், முடிவு வரும் வரையிலான நாட்களை நாங்கள் தாக்குப்பிடிக்கப் பெரிதும் உதவியது. இந்த மருத்துவமனையின் முதன்மையான சிறப்பாக நான் கருதுவதும் அதைத்தான்.

மயக்க மருந்தைப் பற்றி எனக்குப் பெரிய பயம் இருந்தது. கன்னி, சிப்பிப்பாறை போன்ற ஒல்லியான ஓட்ட நாய்களுக்கு உடலில் கொழுப்பு குறைவு என்பதால், தயோபென்டோன் போன்ற மருந்துகளைக் கொடுத்தால் தெளிவதற்கு நெடுநேரம் ஆகலாம். நான் வாயைத் திறப்பதற்கு முன்பே மருத்துவர் என்ன இனம் என்று கேட்டு, அதற்கேற்ற மருந்தைத் தேர்ந்தெடுப்பதாகச் சொன்னார். கட்டிகள் இருந்த பக்கத்துச் சுரப்பிகளையும் அருகிலிருந்த நெறியையும் சேர்த்து எடுத்தார்கள். அன்று மாலையே தலையைத் தூக்கி எங்களைப் பார்த்தாள்.

திசுப் பரிசோதனை முடிவில் புற்றுநோய் என்று உறுதியானது. ஆனால் வெட்டிய ஓரங்களிலும் நெறியிலும் நோய் இல்லை. அறுவைக்குப் பின் கீமோதெரபி தேவையா என்று கேட்டேன். நாய்களின் மடிப் புற்றுநோயில் அதன் பலன் இன்னும் திடமாக நிறுவப்படவில்லை என்பதையும், கொடுத்தால் என்னென்ன தொல்லைகள் வரலாம் என்பதையும் பொறுமையாக விளக்கி, முடிவை எங்களிடமே விட்டார் மருத்துவர். வேண்டாம் என்று தீர்மானித்தோம். குட்டிக்காகவே கன்னி நாய்களை வளர்க்கும் எங்கள் பக்கத்தில் கருத்தடை செய்யும் வழக்கம் இல்லை. முதன்முறை பருவத்துக்கு வருவதற்கு முன்பே கருத்தடை செய்த பெண் நாய்களுக்கு இந்த நோய் வருவது மிக அரிது என்பதை அங்கே மாணவர்கள் வருகிறவர்களிடமெல்லாம் எடுத்துச் சொல்வதைக் கேட்டேன். எங்கள் தெருவிலேயே, “நாய்க்குமா புத்து வரும்? அதுக்கு ஆப்பரேசன் வேறயா?” என்று வியந்த ஆச்சி ஒருவர், மைனா நடப்பதைப் பார்த்துவிட்டுத் தம் பேரனின் பெண் குட்டியைக் கருத்தடைக்கு அழைத்துப் போகச் சொல்லியிருக்கிறார்.

வீட்டில் பார்த்துக்கொள்ளும் முறையையும் தெளிவாகவே சொல்லி அனுப்பினார்கள். கழுத்தில் மாட்டிய பிளாஸ்டிக் கூம்போடு அவளால் திண்ணைப் படி ஏற முடியவில்லை. தையலை நக்காமலிருக்கப் பழைய பருத்திப் பனியனை அணிவித்து, வால் பக்கம் முடிச்சுப் போட்டுவிட்டால் போதும், ஆனால் ஆள் பக்கத்திலேயே இருக்க வேண்டும் என்றார்கள். வலிக்கு எழுதிய மருந்தைச் சாப்பாட்டுக்குப் பிறகே கொடுக்க வேண்டும். நாம் போட்டுக்கொள்ளும் ஐபுபுரூபென் போன்ற மாத்திரைகளை எந்த நிலையிலும் கொடுக்கக் கூடாது. அவை நாயின் வயிற்றைப் புண்ணாக்கி, சிறுநீரகத்தையும் கெடுக்கும். அசந்து தூங்கும்போது ஒரு நிமிடத்துக்கு எத்தனை முறை விலா ஏறி இறங்குகிறது என்று எண்ணச் சொன்னார்கள். தொடர்ந்து முப்பதைத் தாண்டினாலோ, இருமல் வந்தாலோ, அடுத்த எக்ஸ்ரே தேதிக்குக் காத்திராமல் உடனே கொண்டுவர வேண்டும். அந்த எண்ணிக்கையை நாட்காட்டித் தாளின் ஓரத்தில் அம்மா குறித்து வைக்கிறார். மருத்துவரும் ஒவ்வொரு முறையும் அந்தத் தாள்களை வாங்கிப் படிக்கிறார்.

புதிதாகப் போகிறவர்களுக்குச் சில குறிப்புகள். நாயை ஏற்றிக்கொள்ள ஆட்டோக்காரர்கள் பலர் மறுப்பதால், முதல் நாளே தெரிந்தவரிடம் பேசி வைப்பது நல்லது. எங்களுக்கு மருத்துவமனைக் கட்டணத்தைவிட வாகனத்துக்கும் வெளியில் வாங்கிய மருந்துக்கும்தான் அதிகம் செலவானது. மாணவர்களுக்கும் சொல்லிக் கொடுத்துக்கொண்டே பார்க்கும் இடம் என்பதால் பரிசோதனை நிதானமாகத்தான் நடக்கும். அரை நாளை ஒதுக்கிக்கொண்டு காலையிலேயே போய்விடுங்கள். தண்ணீர்க் கிண்ணமும் விரிப்பும் கையில் இருக்கட்டும். பழைய சீட்டு, எக்ஸ்ரே, மாத்திரை அட்டை எதையும் தூக்கிப் போடாமல் ஒரே பையில் கொண்டு செல்லுங்கள், ஏனென்றால் கட்டி எப்போது முதலில் தென்பட்டது, எவ்வளவு வேகமாக வளர்ந்தது என்பதைத்தான் அவர்கள் முதலில் கேட்கிறார்கள்.