ஆறு ஆண்டுகள் கார் இன்சூரன்ஸ் கட்டிய அனுபவம்

2019 ஆகஸ்டில் 1197 சிசி வேகன் ஆர் வாங்கினேன். கேரளத்தின் பாலக்காடு மாவட்டத்தில், கொழிஞ்சாம்பாறைப் பக்கம் பள்ளி ஆசிரியர் வேலை. வீட்டுக்கும் பள்ளிக்கும் போய்வருவது, மாதம் ஒருமுறை வேலந்தாவளம் வழியாகக் கோவை, அவ்வளவுதான் என் ஓட்டம். ஆண்டுக்கு ஐயாயிரம் கிலோமீட்டரைத் தாண்டியதில்லை. பக்கத்து வீட்டுக்காரர் தினமும் கோவைக்குப் போய்வருகிறார். அவருடையதும் வேகன் ஆர்தான், ஆனால் 998 சிசி.

நம் காரால் பிறருக்கு நேரும் இழப்பை ஈடுகட்டுவது மூன்றாம் நபர் காப்பீடு. அதற்கு 2022 ஜூனில் மத்திய அரசு அறிவித்த கட்டணப்படி அவர் கட்டுவது 2,094 ரூபாய், நான் கட்டுவது 3,416 ரூபாய். ஒரே உடல், ஒரே சாலை. என்னைவிடப் பல மடங்கு ஓட்டுகிறவர் என்னைவிட 1,322 ரூபாய் குறைவாகக் கட்டுகிறார். ஆயிரம் சிசி என்ற கோட்டுக்கு எந்தப் பக்கம் இன்ஜின் நிற்கிறது என்பது மட்டுமே கணக்கு. எத்தனை கிலோமீட்டர் ஓடுகிறது, ஓட்டுபவர் எப்படிப்பட்டவர் என்று மூன்றாம் நபர் காப்பீட்டில் யாரும் கேட்பதில்லை.

இதைக்கூட பொறுத்துக்கொள்ளலாம். என்னை உண்மையில் வருத்தியது நோ க்ளெய்ம் போனஸ். க்ளெய்ம், அதாவது இழப்பீடு, வாங்காத ஆண்டுகளுக்கு 20, 25, 35, 45, 50 சதவீதம் என்று சொந்தச் சேதப் பிரீமியத்தில், அதாவது நம் காருக்கு நேரும் சேதத்துக்காகக் கட்டும் பகுதியில், தள்ளுபடி ஏறிக்கொண்டே போகும். 2023இல் நான் 45ஐத் தொட்டிருந்தேன். 2024 ஜனவரியில் ஒரு சந்தை நாளில், சாலையோரம் முறையாக நிறுத்தியிருந்த காரை ஏதோ ஒரு லாரி உரசிவிட்டுப் போய்விட்டது. காய்கறிப் பையுடன் திரும்பி வந்து பார்த்தால், பின் பம்பரின் இடது மூலை பிளந்து கொக்கி கழன்று தொங்குகிறது. கதவின் பள்ளத்தில் லாரியின் பச்சைப் பெயிண்ட் கீற்றாக ஒட்டியிருக்கிறது. பக்கத்துக் கடைக்காரர் சத்தத்தைக் கேட்டார், நம்பரைப் பார்க்கவில்லை.

பில் 11,400 ரூபாய். பம்பர் பிளாஸ்டிக் என்பதால் அதன் விலை 5,000இல் பாதியைத் தேய்மானமாகக் கழித்தார்கள். பெயிண்டில் 400, ஒவ்வொரு க்ளெய்மிலும் நாமே ஏற்க வேண்டிய கட்டாயப் பிடித்தம் 1,000. கைக்கு வந்தது 7,500. அப்போது அது பெரிய உதவியாகத்தான் தெரிந்தது.

ஆகஸ்டில் புதுப்பிக்கப் போனபோது 50 சதவீதம் வந்திருக்க வேண்டிய இடத்தில் பூஜ்யம். ஏஜென்ட் எங்கள் ஊர்க்காரர், நல்ல மனிதர். "மாஷே (ஆசிரியரே), தவறு யாருடையது என்று கம்பெனிக்காரர்கள் பார்ப்பதில்லை. க்ளெய்ம் வாங்கினீர்களா, இல்லையா, அவ்வளவுதான்" என்றார்.

அன்றிரவு உட்கார்ந்து கணக்குப் போட்டேன். முதல் ஆண்டு 50 சதவீதம் போயிற்று. அடுத்த ஆண்டு 50க்குப் பதில் 20, ஆக 30 நஷ்டம். பிறகு 25, 15, 5. மொத்தம் 125 சதவீதம். என் சொந்தச் சேதப் பிரீமியம் 6,200. ஆக 7,750, அதன் மேல் 18 சதவீத ஜிஎஸ்டி சேர்த்தால் 9,145 ரூபாய். காரின் மதிப்பு ஆண்டுதோறும் இறங்குவதால் கொஞ்சம் குறையலாம். ஆனாலும் 7,500 வாங்கிவிட்டு அதற்கு மேலேயே திருப்பிக் கட்டுகிறேன், நிறுத்தியிருந்த காருக்காக! இதை நியாயம் என்று எப்படிச் சொல்வது?

அமெரிக்காவின் கலிபோர்னியாவில் 1988இலேயே மக்கள் வாக்களித்து ஒரு சட்டம் கொண்டுவந்தார்கள். ஓட்டுநரின் சாலை நடத்தை, ஆண்டுக்கு ஓட்டும் தூரம், ஓட்டிய அனுபவம் என்ற இந்த வரிசையில்தான் அங்கே கார் பிரீமியத்துக்கு முதல் எடை. இங்கே 2022 ஜூலையில்தான் ஓட்டும் தூரத்துக்கேற்ற பிரீமியத்துக்குக் காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையம் வழிவிட்டது; அதுவும் சொந்தச் சேதப் பகுதிக்கு மட்டும்.

போனஸைக் காக்கும் கூடுதல் பாதுகாப்பு ஒன்று தனி விலைக்குக் கிடைக்கிறது என்பது எனக்குத் தாமதமாகத்தான் தெரிந்தது. போனஸ் நன்றாக ஏறியிருப்பவர்கள் அதைப் பற்றி இப்போதே விசாரித்துவிடுங்கள். பிடித்தமெல்லாம் போகக் கைக்கு வரும் தொகை உங்கள் சொந்தச் சேதப் பிரீமியத்தின் ஒன்றேகால் மடங்குக்குள் இருந்தால், க்ளெய்ம் படிவத்தைத் தொடும் முன் ஒருமுறை இந்தக் கணக்கைப் போட்டுப் பாருங்கள்.

சென்ற மாதம் வீட்டு கேட்டில் இடித்துக் கதவு கொஞ்சம் நசுங்கியது. வேலந்தாவளத்தில் டிங்கரிங் பார்க்கிறவரிடம் 1,800 ரூபாய் கொடுத்துச் சரிசெய்துகொண்டேன். இப்போது 20 சதவீதத்தில் இருக்கிறேன். 2026 ஆகஸ்டில் 25 ஆகும்.