கொடைக்கானலில் விற்கும் ‘குறிஞ்சித் தேன்’: வாங்கலாமா?

ஏரிப் பக்கக் கடை ஒன்றில் கிடைத்த 500 கிராம் பாட்டில். தேன் நன்றாகவே இருக்கிறது. பெயரைத்தான் நம்ப முடியவில்லை.

கரும்பழுப்பு நிறம். கரண்டியைச் சாய்த்தால் நூல் அறுபடாமல் இறங்கி, தட்டில் மடிப்பு மடிப்பாக விழுந்து மெல்லப் பரவுகிறது. கடைசியில் நாக்கின் அடியில் லேசான கசப்பு. நாவல் பூத்த பருவத்துத் தேனில் வரும் கசப்பு அது.

நீலக்குறிஞ்சி 12 ஆண்டுக்கு ஒருமுறைதான் கூட்டமாகப் பூக்கும். கொடைக்கானலில் 2006, 2018, அடுத்து 2030. பூத்து விதை விட்டதும் செடி காய்ந்துவிடும். வளர்வது சோலைக்கு வெளியே, சுமார் 1,300 முதல் 2,400 மீட்டர் உயரத்தில் உள்ள புல்வெளிச் சரிவுகளில். அந்தப் புல்வெளியில் பெரும்பகுதியைச் சீகை, பைன், தைலமரத் தோட்டங்கள் எடுத்துக்கொண்டன. இடைப்பட்ட ஆண்டுகளில் அங்கொன்றும் இங்கொன்றுமாகப் பூப்பதுண்டு. ஆனால் ஆண்டு முழுக்கக் கடையில் அடுக்கும் அளவுக்குத் தேன் சேர, மலைச்சரிவே பூக்க வேண்டும். வேறு குறிஞ்சி இனங்களும் இங்கே உண்டு, அவற்றில் பலவற்றுக்குச் சுற்று வேறு. அந்தத் தேன் என்றால் இனத்தின் பெயரைப் போடட்டும். ஒரு திணைக்கே பெயர் தந்த பூவை விலை ஏற்றுவதற்காக லேபிளில் ஒட்டுவது வருத்தமாக இருக்கிறது.

லேபிளில் பேட்ச் எண், பேக்கிங் தேதி, உரிம எண் எல்லாம் உண்டு. தேன் எடுத்த மாதமும் இடமும் இல்லை. வாங்குமுன் கேட்க வேண்டியவை அந்த இரண்டும்தான். கடைக்காரர் தண்ணீரில் ஒரு சொட்டு விட்டுக் காட்டுவார். கெட்டியான சர்க்கரைப் பாகும் அப்படியே அடியில் போய் உட்காரும். எந்தப் பூவின் தேன் என்று அறிய, அதிலுள்ள மகரந்தத்தை மைக்ராஸ்கோப்பில் பார்க்க வேண்டும்.

ஈரப்பதம் 20 சதவீதத்தைத் தாண்டினால் தேன் புளித்து நுரைக்கும். இந்தப் பாட்டிலில் நுரையோ புளித்த வாடையோ இல்லை. ஈரக் கரண்டியை மட்டும் விடாதீர்கள். மலைக் குளிரில் ரவை ரவையாக உறைந்தால் கலப்படம் என்று பயப்பட வேண்டாம். பாட்டிலை 40 டிகிரி வெந்நீரில் வைத்தால் இளகிவிடும். அடுப்பில் காய்ச்சினால் மணம் போய்விடும்.

அதே அலமாரியில் ‘மலைத்தேன்’ என்று பாதி விலைக்கு இருப்பதை எடுத்துக்கொள்ளுங்கள். நிறத்திலும் ருசியிலும் வித்தியாசம் தெரியவில்லை.