பஸ்தர் தும்பா விளக்கு: சுரைக்குடுக்கையில் சூட்டுக்கோலின் வேலை

முற்றிக் காய்ந்த சுரைக்காயின் ஓட்டில், நெருப்பில் பழுக்கக் காய்ச்சிய இரும்பால் சித்திரம் தீட்டிச் செய்யப்படும் மேசை விளக்கைப் பற்றியது இந்த மதிப்புரை. சத்தீஸ்கர் மாநிலத்தின் தெற்கே, ஜகதல்பூர், கொண்டாகாவ், நாராயண்பூர் ஆகிய ஊர்களைச் சூழ்ந்த பஸ்தர் நிலப்பகுதியில் பழங்குடிக் கைவினைஞர்கள் இதைச் செய்கிறார்கள். தும்பா வேலை என்பது அதன் பெயர். அதே பகுதியின் தோக்ரா உலோக வார்ப்புச் சிலைகளை நாடெங்கும் அறிந்திருக்கிறோம். தும்பாவுக்கு அந்தப் புகழில் பாதிகூட வாய்க்கவில்லை என்பது எனக்கு நியாயமாகப் படவில்லை. சென்னையில் நடந்த கைவினைக் கண்காட்சி ஒன்றில் 1,100 ரூபாய் கொடுத்து நான் வாங்கிய விளக்கு ஏறத்தாழ ஓர் அடி உயரமுள்ளது. அடிப்பாகம் உருண்டு, கழுத்து ஒரு பக்கம் சற்றே சாய்ந்திருக்கும். ஐப்பசி, கார்த்திகை மழையில் எங்கள் கூடத்தில் எரிந்து, அந்த ஈரத்தையும் தாங்கி நின்றதைப் பார்த்த பிறகே இதை எழுதுகிறேன்.

இந்த விளக்கின் தரத்தில் பெரும்பகுதி பட்டறைக்கு வருமுன் கொடியிலேயே முடிவாகிவிடுகிறது. கறிக்குப் பறிக்கும் பிஞ்சில் ஓடு உருவாகியிருக்காது. காய் கொடியிலேயே முற்றிக் காம்பு பழுப்பேறிக் காயும்வரை பொறுத்திருக்க வேண்டும். அவசரப்பட்டு முன்னதாகப் பறித்த காய், உலரும்போது ஓரிடத்தில் குழிவிழும் அல்லது அழுகிவிடும். காம்போடு பறித்த முற்றிய காயைக் காற்றோட்டமான இடத்தில் வாரக்கணக்கில், பெரிய காயானால் மாதக்கணக்கில், உலரவிடுகிறார்கள். இந்தக் காலத்தில் மேல்தோலில் பூஞ்சணம் படர்ந்து கருந்திட்டுகள் தோன்றும். பழக்கமில்லாதவர்கள் கெட்டுவிட்டதென்று எண்ணித் தூக்கி எறிவது இந்த நிலையில்தான். ஓடு விரலுக்கு அமுங்காமல் உறுதியாக இருக்குமானால் அது கெடவில்லை என்றே பொருள். எடை வெகுவாகக் குறைந்து, குலுக்கினால் உள்ளே விதைகள் கலகலக்கத் தொடங்கியபின், நீரில் நனைத்து மேல்தோலைச் சுரண்டி எடுக்கிறார்கள். உள்ளே நீரை ஊற்றி ஊறவைத்து, பஞ்சு போலாகிவிட்ட சதையையும் விதையையும் கிளறி வெளியேற்றி, மறுபடியும் காயவைக்கிறார்கள்.

உட்பகுதியைச் சுத்தம் செய்வதில் காட்டிய அக்கறை வெளியே தெரியாது; ஆயினும் விளக்கின் ஆயுள் அதைப் பொறுத்தது. சதையின் மிச்சம் ஒட்டியிருந்தால் மழைக்காலத்தில் ஈரத்தை உறிஞ்சிப் பூஞ்சணம் பிடிக்கும், பூச்சியும் வரும். நான் வாங்கிய விளக்கின் அடிவாயில் விரலை விட்டுத் தடவிப் பார்த்தபோது நார் எதுவும் தட்டுப்படவில்லை, நெடியும் இல்லை. வெட்டுவாயில் தெரியும் ஓட்டின் கனம் 4 மில்லிமீட்டருக்குக் குறையாது. விரல் கணுவால் தட்டினால் மரப்பெட்டியைத் தட்டியதுபோல் தெளிவான ஓசை எழுகிறது. மழைக்காலம் முடிந்து மீண்டும் உள்ளே பார்த்தேன். எந்தக் கறையும் இல்லை.

இனி வேலைப்பாட்டுக்கு வருகிறேன். சுரண்டிய ஓடு வெளிர்மஞ்சளிலிருந்து இளம்பழுப்புவரை பல சாயல்களில் இருக்கும். அதன்மேல் கத்தி போன்ற தட்டையான இரும்பை நெருப்பில் காய்ச்சி அழுத்தினால் அந்த இடம் கருகிக் கோடாகிறது. மை தொட்டு எழுதும் கோட்டுக்கும் இதற்கும் பெரிய வேறுபாடு உண்டு. இரும்பு நல்ல சூட்டில் இருக்கையில் கோடு அடர்கறுப்பாக விழுகிறது. சூடு தணியத் தணியப் பழுப்பாகி மங்குகிறது. கை ஒரு கணம் தயங்கி நின்றாலும் அங்கே கரும்புள்ளி பதிந்துவிடும், அதை அழிக்க வழியில்லை. உருண்டை மேற்பரப்பில், ஒரு கையால் குடுக்கையைத் திருப்பிக்கொண்டே மறு கையால் சுடுகோலை நடத்த வேண்டும் என்பதையும் சேர்த்து எண்ணிப் பார்த்தால்தான் இந்த வேலையின் கடினம் விளங்கும். என் விளக்கின் கழுத்தைச் சுற்றி முக்கோண வரிசை ஒன்று ஓடுகிறது. தொடங்கிய முக்கோணம் நன்றாகக் கறுத்திருக்க, நாலைந்து முக்கோணங்களுக்குள் நிறம் தணிந்து, மறுபடி திடீரென்று கறுக்கிறது. இரும்பு நெருப்புக்குத் திரும்பிப் போய் வந்த இடம் அது என்று கொள்கிறேன். வரிசை சுற்றி வந்து தன் தொடக்கத்தைத் தொடும் இடத்தில் கடைசி முக்கோணம் சிறிது ஒடுங்கியிருக்கிறது. அச்சில் வார்த்த பொருளில் இவற்றைக் காண முடியாது. உருண்ட வயிற்றில் இரண்டு மான்களும் ஒரு மரமும் உள்ளன. அவற்றைச் சுற்றி ஓட்டின் வெறும் பரப்பு தாராளமாக விடப்பட்டிருக்கிறது. இந்த நிதானத்தையே நான் பெரிதும் மதிக்கிறேன். நிரப்ப இடம் இருந்தும் நிரப்பாமல் விட்டவருக்கு ஓட்டின் நிறமும் சித்திரத்தின் பகுதி என்பது தெரிந்திருக்கிறது.

விளக்கை ஏற்றினால் வேறொரு வேலைப்பாடு புலப்படும். ஓட்டின் ஊடே ஒளி வருவதில்லை, அதில் இட்டிருக்கும் சிறு துளைகளின் வழியே மட்டுமே வருகிறது. சுவரில் விழும் புள்ளிக்கோலம் அதனால்தான் உண்டாகிறது. இங்கே வாங்குபவர்கள் கவனிக்க வேண்டிய ஒன்று உண்டு. விளக்கோடு தந்த பால்வெள்ளை பல்பு பெரிது. ஒளி ஒரே இடத்திலிருந்து புறப்படாமல் அகன்ற பரப்பிலிருந்து புறப்படுவதால், சுவரில் புள்ளிகள் ஒன்றோடொன்று கலங்கித் தெரிந்தன. அதை எடுத்துவிட்டுத் தெளிந்த கண்ணாடியுள்ள சிறிய, 3 வாட் எல்.இ.டி. பல்பைப் பொருத்தியதும் ஒவ்வொரு புள்ளியும் விளிம்போடு தனித்து நின்றது. பழைய குண்டு பல்பை இதில் போடவே கூடாது. காய்ந்த ஓட்டுக்குள் அடைபடும் வெப்பம் ஆபத்தானது. மஞ்சள் கலந்த ஒளியே இதற்குப் பொருந்துகிறது. வெள்ளை ஒளியில் ஓட்டின் நிறம் செத்துவிடுகிறது. படிப்பதற்கான வெளிச்சத்தை இதனிடம் எதிர்பார்க்க வேண்டாம்.

குறைகள் எல்லாம் மின் இணைப்பில்தான் இருக்கின்றன. பல்பு ஹோல்டர் ஓட்டோடு இறுகப் பொருந்தாமல் ஆடியது, ஒயர் மெலிந்தது, அது அடிவாயின் விளிம்பில் உராயும் இடத்தில் காப்பு எதுவும் இல்லை. அடித்தட்டும் சமமாக அமையாததால் விளக்கு லேசாகத் தள்ளாடியது. அருகிலுள்ள மின்கடையில் நல்ல ஹோல்டரும் கனமான ஒயரும் வாங்கி மாற்றினேன்; உராயும் இடத்தில் ரப்பர் வளையம் பொருத்தினேன்; அடியில் உப்புத்தாளால் தேய்த்ததும் தள்ளாட்டம் நின்றது. 200 ரூபாய்க்குள் தீர்ந்த வேலைதான். இருந்தாலும், இத்தனை பொறுமையோடு செய்த கைவேலைக்கு இவ்வளவு அலட்சியமான மின்பாகங்களை இணைத்து விற்பது அந்தக் கைவினைஞருக்கே இழைக்கும் அநீதி என்று நினைக்கிறேன். மின்பாகம் இல்லாமல் குடுக்கையை மட்டும் தனியே விற்றால்கூட நான் மகிழ்ச்சியோடு வாங்குவேன்.

பஸ்தரில் தும்பா அலங்காரப் பொருளாகப் பிறந்ததன்று. காட்டுக்கும் வயலுக்கும் போகிறவர்கள் தண்ணீரும் கஞ்சியும், கூந்தற்பனையிலிருந்து இறக்கும் சல்ஃபி என்னும் கள்ளும் கொண்டுசெல்லும் கலமாக அது இருந்து வந்தது. சித்திரம் அந்தப் புழங்குபொருளின்மேல் ஏறியது. நம் ஊர்களிலும் விதை சேமிக்கவும், கிணற்றில் நீச்சல் பழகும் பிள்ளையின் இடுப்பில் கட்டவும் சுரைக்குடுக்கை பயன்பட்டது. தஞ்சாவூர் வீணையின் கழுத்தடியில் தொங்கும் சிறிய குடமும் சுரைக்காயாகவே இருந்தது. இப்போது பெரும்பாலும் காகிதக்கூழிலோ ஃபைபரிலோ செய்கிறார்கள். உலகின் மறுகோடியான பெருவிலும் இதே காயின் கதை மிக நீண்டது: அந்நாட்டின் வடகடற்கரையில் உவாக்கா பிரியேட்டா என்னும் தொல்மேட்டை ஜூனியஸ் பேர்ட் 1946–47 ஆண்டுகளில் அகழ்ந்தபோது, உருவங்கள் பொறித்த இரண்டு சிறு குடுக்கைகள் கிடைத்தன, அவை ஏறத்தாழ 4,000 ஆண்டுப் பழமையுடையவை. இன்று அங்கே உவான்காயோ நகரை அடுத்த கோச்சாஸ் சிற்றூர்களின் கலைஞர்கள், குடுக்கையின் மேற்பரப்பு முழுவதும் திருவிழாவையும் அறுவடையையும் நுண்ணுளியால் நெருக்கமாகச் செதுக்குகிறார்கள். அது வியப்பூட்டும் திறமை. ஆனாலும் நாள்தோறும் கண்ணெதிரே வைத்துக்கொள்ள எனக்கு பஸ்தரின் வெற்றிடம் மிகுந்த பாணியே உகந்தது.

கடைகளில் இப்போது வேறு வகைச் சுரை விளக்குகளும் கிடைக்கின்றன. நூற்றுக்கணக்கான துளைகளிட்டு வண்ண மணிகளைப் பதிக்கும் துருக்கி பாணி விளக்கு இரவில் கண்ணைப் பறிக்கும். அணைத்துவிட்டால் அதில் பார்ப்பதற்கு அதிகமில்லை. தும்பா விளக்கு பகலிலும் பார்க்கத்தக்கது. பளபளக்கும் வார்னிஷ் பூசிய தும்பாக்களும் அதே கண்காட்சியில் இருந்தன. அவற்றை நான் பரிந்துரைக்கமாட்டேன். வார்னிஷ் ஓட்டின் இயல்பான மங்கிய மெருகை மறைத்து, கருகல் கோடுகளின் நிறவேறுபாட்டையும் ஒரே கறுப்பாக்கிவிடுகிறது. பாதுகாப்பு தேவையென்றால் தேன்மெழுகை மெல்லிய துணியால் தேய்த்தால் போதும். குடிநீருக்கென்று வாங்குகிறவர்கள் உள்ளும் புறமும் பூச்சில்லாத குடுக்கையையே கேட்டு வாங்க வேண்டும்.

இதைப் பார்த்துத் தாமும் வீட்டில் செய்து பார்க்க விரும்புகிறவர்கள், காய்ந்த ஓட்டை அறுக்கும்போதும் உள்ளே சுரண்டும்போதும் எழும் தூசி மூக்கையும் தொண்டையையும் கடுமையாக எரிக்கும் என்பதை மனத்தில் கொண்டு முகக்கவசம் அணிய வேண்டும். சுடுகோல் வேலையைத் திறந்தவெளியில் வைத்துக்கொள்வது நல்லது. வாங்க விரும்புகிறவர்களுக்கு, சத்தீஸ்கர் அரசின் கைவினை வளர்ச்சி வாரியம் நடத்தும் சபரி விற்பனை நிலையங்களும், பஸ்தர் கைவினைஞர்கள் நேரில் வரும் கண்காட்சிகளும் உள்ளன. இணையத்தில் படத்தை மட்டும் நம்பி வாங்குவதைவிட, கையில் எடுத்து, வெட்டுவாயின் கனத்தைப் பார்த்து, தட்டி ஓசை கேட்டு, உள்ளே விரலால் தடவி, சித்திர வரிசை சுற்றி வந்து சேரும் இடத்தை ஒருமுறை தேடிப் பார்த்து எடுப்பதே சரி. செய்தவரே கடையில் அமர்ந்திருந்தால் அவரிடம் பேரம் பேசாதீர்கள். கொடியில் காய் முற்றும் காலத்தையும் சேர்த்தால், அவர் கேட்கும் விலை குறைவானதே.